வழுவும் வழுவமைதியும்: எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் நேர முத்திரைத் திருத்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில், 2038-ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட கோப்பு நாள்களில் பல, வட்டிலிருந்து மீண்டும் படிக்கப்படும்போது இருபதாம் நூற்றாண்டின் தொடக்க நாள்களாகத் திரிந்தன. 2016-இல் வெளியான கெர்னல் 4.4 இப்பிழையைத் திருத்தியது. அத்திருத்தத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நிரலில் இருந்த பிழையைக் களைவது எளிது. அப்பிழையால் முன்பே வட்டுகளில் எழுதப்பட்டுவிட்ட தரவை எவ்வாறு பொருள்கொள்வது என்பதே கடினமான வினா. அவ்வினாவுக்குத் திருத்தம் அளித்த விடை, தமிழ் இலக்கண மரபு வழுவமைதி எனக் குறிக்கும் தீர்வோடு ஒத்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கோப்பு முறைமை, நேர முத்திரை, எக்ஸ்ட்4, 2038 சிக்கல், வழு, வழுவமைதி

முன்னுரை

கணினியில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் நேர முத்திரைகள் உண்டு. கோப்பு கடைசியாக எப்போது படிக்கப்பட்டது, அதன் உள்ளடக்கம் எப்போது மாற்றப்பட்டது, அதனைப் பற்றிய விவரங்கள் எப்போது மாறின என்பவற்றை அவை குறிக்கின்றன. காப்புநகல் எடுக்கும் மென்பொருள் எந்தக் கோப்பைப் படியெடுக்க வேண்டும் என்பதையும், நிரல்களைத் தொகுக்கும் கருவி எதனை மீண்டும் தொகுக்க வேண்டும் என்பதையும் இம்முத்திரைகளைக் கொண்டே முடிவுசெய்கின்றன. மின்னாவணங்களின் காலத்தை வரையறுக்க முனையும் ஆய்வாளருக்கும் இவை ஒரு சான்று. எனவே நேர முத்திரை பிழைபடின், கோப்பின் உள்ளடக்கம் சிதையாவிட்டாலும் அதன் வரலாறு சிதைகிறது.

நொடிக்கணக்கின் தோற்றம்

இச்சிக்கலின் வேர் யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதற்காலத்தில் உள்ளது. 1971 நவம்பரில் வெளியான யுனிக்ஸ் முதற் பதிப்பின் கையேடு, 1971 சனவரி 1 தொடங்கி நொடியின் அறுபதில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு நேரத்தை எண்ணியது. அவ்வெண்ணிக்கை 32 பிட்டுகளில் அடங்க வேண்டியிருந்தது. 32 பிட்டுகள் தரக்கூடிய 429,49,67,296 மதிப்புகளை நொடிக்கு அறுபது வீதம் செலவிட்டால், இரண்டேகால் ஆண்டுகளுக்குச் சற்றே மிகுதியான காலத்தில் அவை தீர்ந்துவிடும். இக்குறையைக் கையேடே சுட்டிக்காட்டியிருந்தது என்பது நோக்கத்தக்கது. பின்னர் நொடி அலகாகவும், 1970 சனவரி 1 தொடக்க நாளாகவும் நிலைபெற்றன.

குறியுடைய 32 பிட் எண்ணாக இதனைக் கொண்டால், 1901 டிசம்பர் 13 முதல் 2038 சனவரி 19 வரையிலான நாள்களைக் குறிக்கலாம். 1970-க்கு முற்பட்டவை எதிர்ம எண்களாகவும் பிற்பட்டவை நேர்ம எண்களாகவும் அமையும். 2038 சனவரி 19 அன்று, உலகப் பொது நேரம் 03:14:07-க்கு அடுத்த நொடியில் எண்ணின் தலைப்பிட்டு 1 ஆகிறது; நேர்ம எண் எதிர்ம எண்ணாகத் தோன்றுகிறது. 2038 சிக்கல் எனப்படுவது இதுவே.

ஐநோடும் இரண்டு மிகைப் பிட்டுகளும்

லினக்ஸில் கோப்பின் பெயரும் உள்ளடக்கமும் நீங்கலான விவரங்கள் ஐநோடு எனப்படும் அமைப்பில் வைக்கப்படுகின்றன. 1993-இல் தோன்றிய எக்ஸ்ட்2 முறைமையில் ஐநோடின் அளவு 128 பைட்டுகள். அதில் ஒவ்வொரு நேர முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டவை 32 பிட்டுகள். அதன் வழித்தோன்றலான எக்ஸ்ட்3-உம் இதனையே பின்பற்றியது. எக்ஸ்ட்4, 2006-இல் கெர்னல் 2.6.19-இல் சோதனை வடிவிலும், 2008 டிசம்பரில் கெர்னல் 2.6.28-இல் நிலைபெற்ற வடிவிலும் இடம்பெற்றது. அதன் ஐநோடு இயல்பாக 256 பைட்டுகள் கொண்டது. கூடுதலாகக் கிடைத்த இடத்தில் ஒவ்வொரு முத்திரைக்கும் மேலும் 32 பிட்டுகள் தரப்பட்டன.

இக்கூடுதல் புலத்தின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று நானோநொடி அளவிலான துல்லியம். நூறு கோடி வரை எண்ணுவதற்கு 30 பிட்டுகள் போதும். எஞ்சிய இரண்டு பிட்டுகள் நொடிக்கணக்கை நீட்டிக்கப் பயன்பட்டன. 32 பிட் நொடிக்கணக்கு இவ்வாறு 34 பிட்டுகளாக விரிந்தது. எக்ஸ்ட்4 குறிக்கக்கூடிய இறுதி நாள் 2446 மே மாதம் வரை நீண்டது. வடிவமைப்பு செம்மையானதே, அதனை நடைமுறைப்படுத்திய நிரலில்தான் வழு புகுந்தது.

வழுவின் இயல்பு

வட்டில் எழுதும் பகுதியும் வட்டிலிருந்து படிக்கும் பகுதியும் ஒரே குறியீட்டை இருவேறு வகையில் பொருள்கொண்டமையே வழுவின் சாரம். எழுதும் பகுதி, 64 பிட் நொடிக்கணக்கின் கீழ்ப்பாதியைப் பழைய புலத்திலும், மேற்பாதியின் கடைசி இரண்டு பிட்டுகளைப் புதிய புலத்திலும் இட்டது. படிக்கும் பகுதி முதலில் பழைய புலத்தைக் குறியுடைய எண்ணாக எடுத்து 64 பிட்டுகளுக்கு நீட்டியது. அப்போது தலைப்பிட்டு 1 எனின், மேற்பாதியின் 32 பிட்டுகளும் 1 என நிரம்பிவிடும். அதன் பின்னர் இரண்டு மிகைப் பிட்டுகளை 'அல்லது' என்னும் தருக்கச் செயலால் அதனோடு இணைத்தது. ஏற்கெனவே 1 ஆக நிரம்பிய இடத்தில் எதனை இவ்வாறு இணைத்தாலும் மாற்றம் நிகழாது. மிகைப் பிட்டுகள் எழுதப்பட்டன. ஆயினும் தேவையான இடத்தில் படிக்கப்படவில்லை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 2040 சனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவுக்கு உரிய நொடிக்கணக்கு 220,89,88,800. இந்நாளைத் தாங்கிய கோப்பை ஒருவர் உருவாக்கினால், நினைவகத்தில் நாள் சரியாகவே இருக்கும். உடனே பார்ப்பவருக்குப் பிழை தோன்றாது. வட்டைக் கழற்றி மீண்டும் இணைத்துப் பார்க்கையில் அதே கோப்பு 1903 நவம்பர் 25, 17:31:44 என்று காட்டும். இடைவெளி 2-இன் 32-ஆம் அடுக்கு நொடிகள். ஏறத்தாழ 136 ஆண்டுகள்.

எல்லா எதிர்கால நாள்களும் இவ்வாறு திரியவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 2106 முதல் 2174 வரையிலான நாள்களுக்குக் கீழ்ப்பாதியின் தலைப்பிட்டு 0 என்பதால், அவை பழைய நிரலிலும் சரியாகவே படிக்கப்பட்டன. ஏறத்தாழ 68 ஆண்டுகள் கொண்ட காலப்பகுதிகள் ஒன்றுவிட்டு ஒன்று சரியாகவும் பிழையாகவும் அமைந்தன. சில நாள்களை மட்டும் இட்டுச் சோதித்தவருக்கு இவ்வழு புலப்படாமல் போகக்கூடும்.

வட்டில் நிலைத்த இரு வழக்குகள்

நிரலின் குறையை அறிந்தபின் அதனை மாற்றிவிடலாம் என்று தோன்றும். எனினும் கோப்பு முறைமையின் நிரல் தனித்து இயங்குவதன்று. அது எழுதியவை வட்டுகளில் நிலைத்திருக்கின்றன. இங்கு 1970-க்கு முற்பட்ட நாள்களே சிக்கலை உருவாக்கின. பழைய ஒளிப்படத்தையோ ஆவணத்தையோ மின்படியாக்குவோர், மூலத்தின் நாளையே கோப்பின் நாளாக இட இயலும் என்பதால் இந்நாள்களைப் பொருளற்றவை என ஒதுக்க இயலாது.

1970-க்கு முற்பட்ட நாளின் நொடிக்கணக்கு எதிர்ம எண். 64 பிட் கணினியில் அதன் மேற்பாதி முழுவதும் 1 என்பதால், மிகைப் பிட்டுகள் '11' என எழுதப்பட்டன. 32 பிட் கணினியில் மேற்பாதியே இல்லாமையால் அவை '00' என எழுதப்பட்டன. ஒரே நாளுக்கு இரண்டு எழுத்து வழக்குகள் வட்டுகளில் வழங்கின. படிக்கும் பகுதி மிகைப் பிட்டுகளைப் புறக்கணித்ததால் இரண்டும் ஒரே நாளாகவே படிக்கப்பட்டு, இவ்வேறுபாடு வெளித்தெரியாமல் இருந்தது. படிக்கும் பகுதியைத் திருத்திய கணத்தில் மறைந்திருந்த வேறுபாடு வெளிப்பட வேண்டியதாயிற்று. ஒரு வழு மற்றொரு வழுவை மூடியிருந்தது எனலாம்.

திருத்தமும் அதன் விலையும்

2016 சனவரி 10 அன்று வெளியான கெர்னல் 4.4-இல் திருத்தம் இடம்பெற்றது. எக்ஸ்ட்4 நிலைபெற்றதற்கும் இதற்கும் இடையே ஏழாண்டுகள் கழிந்திருந்தன. திருத்தத்தின் கூறுகள் மூன்று.

முதலாவது, படிக்கும் பகுதியில் தருக்க இணைப்புக்கு மாற்றாகக் கூட்டல் வைக்கப்பட்டது. குறியுடைய கீழ்ப்பாதியோடு மிகைப் பிட்டுகளின் மதிப்பைக் கூட்டினால் எதிர்ம எண்ணும் உரிய அளவு முன்னகரும்.

இரண்டாவது, எழுதும் பகுதி இதற்கு இயைய மாற்றப்பட்டது. 1901 முதல் 2038 வரையிலான நாள்கள் அனைத்துக்கும் மிகைப் பிட்டுகள் '00' என வரையறுக்கப்பட்டன. 2038 முதல் 2174 வரை '01' ஆயிற்று. இதன்வழி 32 பிட் கணினிகளின் வழக்கு வழாநிலையாக ஏற்கப்பட்டது. மிகைப் பிட்டுகளையே அறியாத எக்ஸ்ட்3 காலத்து முத்திரைகளும் பொருள் மாறாமல் நின்றன. மறுபுறம், பழைய நிரல் 2038-க்கும் 2106-க்கும் இடைப்பட்ட நாள்களுக்கும் '00' என்றே எழுதியிருந்தது. அவற்றை 1970-க்கு முற்பட்டவற்றிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அத்தகைய கோப்புகள் திருத்தத்துக்குப் பின்னரும் பழைய நாளையே காட்டும். எதிர்கால நாளைத் தாங்கிய அரிய கோப்புகளைக் காட்டிலும், கடந்தகால நாளைத் தாங்கிய கோப்புகளைக் காப்பதே தேர்ந்துகொள்ளப்பட்டது.

மூன்றாவது கூறு, 64 பிட் கணினிகள் எழுதிவைத்த '11' வழக்கைப் பற்றியது. புதிய விதிப்படி, தலைப்பிட்டு 1 ஆக உள்ள '11' முத்திரை 2310 ஏப்ரல் முதல் 2378 ஏப்ரல் வரையிலான நாளைக் குறிக்க வேண்டும். அவ்வாறு படித்தால் 1960-களின் கோப்பு இருபத்து நான்காம் நூற்றாண்டுக்குத் தாவிவிடும். ஆகவே இச்சேர்க்கை எதிர்ப்படும்போது மிகைப் பிட்டுகளை '00' எனவே கொள்ளுமாறு ஒரு விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. எக்ஸ்ட்4 உருவாக்குநர்கள் தம் விருப்பப்படி இதனைப் பின்னர் நீக்கலாம் என்ற குறிப்பும் நிரலில் உடன் எழுதப்பட்டது. ஏறத்தாழ 68 ஆண்டுகள் கொண்ட எதிர்காலப் பகுதி ஒன்று, கடந்தகாலப் பிழைக்காகத் தற்காலிகமாக விட்டுக்கொடுக்கப்பட்டது.

வழுவமைதி என்னும் நோக்கு

தமிழ்க் கணிமையில் நிரற்பிழையைக் குறிக்க 'வழு' என்னும் சொல் வழங்குகிறது. இலக்கண மரபில் அச்சொல் தனித்து நிற்பதன்று; வழாநிலை, வழுவமைதி என்பவற்றோடு சேர்ந்தே பொருள்படுவது. பசுவை உவப்பினால் அம்மை என்பது திணைவழு. ஆயினும் காரணம் பற்றி அது அமைத்துக்கொள்ளப்படுகிறது. எக்ஸ்ட்4 திருத்தத்தின் மூன்றாவது கூறு இத்தகையதே. '11' வழக்கு வழு என்று நிரல் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. புதிதாக அவ்வாறு எழுதுவதைத் தடுக்கிறது. முன்பு எழுதப்பட்டதை மட்டும் ஏற்கிறது.

வேறுபாடும் உண்டு. இலக்கணத்தின் வழுவமைதி வழக்கு உள்ளளவும் நிற்பது. நிரலின் வழுவமைதி, வட்டுகள் சரிபார்ப்புக் கருவியால் செம்மையாக்கப்படும் வரை மட்டுமே நிற்க வேண்டியது. ஒன்று வழக்கை மதிப்பது. மற்றொன்று தரவின் உரிமையாளரை மதிப்பது.

முடிவுரை

திருத்தத்துக்குப் பின்னர் லினக்ஸ் கெர்னல் இச்சிக்கலைப் பொதுநிலையில் அணுகியது. 2018-இல் கெர்னல் 4.18, கோப்புகளின் நேரத்தை நினைவகத்தில் எல்லாக் கணினிகளிலும் 64 பிட் நொடிக்கணக்கில் வைத்தது. 2019-இல் கெர்னல் 5.4, ஒவ்வொரு கோப்பு முறைமையும் தான் தாங்கக்கூடிய முதல் நாளையும் இறுதி நாளையும் அறிவிக்கச் செய்தது. எல்லை கடந்த நாள்கள் தாமே திரியாமல் எல்லையில் நிறுத்தப்பட்டன. ஆயினும் 128 பைட் ஐநோடு கொண்டு உருவாக்கப்பட்ட வட்டுகளில் மிகைப் பிட்டுகளுக்கு இடமே இல்லை. அவற்றின் எல்லை இன்றும் 2038 சனவரி 19 தான். எந்த நிரல் திருத்தமும் அதனை நீட்டிக்க இயலாது. வட்டின் அமைப்பே மாற்றப்பட வேண்டும்.

நிரலை ஒரே நாளில் மாற்றலாம். நிரல் எழுதிவைத்ததை அவ்வாறு மாற்ற இயலாது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படுகிறது. மின்னாவணங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், ஒரு கோப்பின் நாளை நோக்கும்போது அதனை எந்தக் கணினி எழுதியது, எந்த விதிப்படி எழுதியது, எந்த விதிப்படி இப்போது படிக்கப்படுகிறது என்பவற்றையும் உசாவ வேண்டும். ஏட்டுச் சுவடியின் காலத்தை வரையறுப்போர் படியெடுத்தவரையும் கருத்திற் கொள்வதுபோல, மின்கோப்பின் காலத்தை வரையறுப்போர் கோப்பு முறைமையையும் கருத்திற் கொள்ளுதல் இன்றியமையாதது.