கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சா... டிரைவர் போயிடுச்சா? புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்க!

"கார்டு போயிடுச்சு தம்பி. புதுசு போட்டாதான் ஆகும்."

பக்கத்துத் தெருவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் இளைஞரிடம், ஒரு சர்வீஸ் கடையில் இப்படிச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முந்தைய நாள் இரவு வரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் அது. காலையில் ஆன் செய்தால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது. ஒரு போட்டோவைப் பெரிதாக்கவே அத்தனை நேரம் எடுக்கிறது. ஆல்பம் கொடுக்க மூன்றே நாள்தான் பாக்கி. வாங்கிய அட்வான்ஸைக் கொண்டுபோய் கார்டில் போடுவதா என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் பார்த்தால், கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இரவு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரன்ட் போனதில், டிரைவர் மென்பொருள் பாதியில் நின்றுபோயிருந்தது. அரை மணி நேர வேலை, பைசா செலவில்லை. இந்த வேலையை நீங்களே வீட்டில் செய்யலாம். எப்படி என்று பார்ப்போமா?

டிரைவர் என்பது என்ன?

பஸ் எவ்வளவு நல்ல கண்டிஷனில் இருந்தாலும், ஓட்ட ஆள் வரவில்லையென்றால் டிப்போவில்தான் நிற்கும். கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரிகிற கட்டளையாக மாற்றித் தரும் மென்பொருள்தான் டிரைவர். அது இல்லாவிட்டால், விண்டோஸ் தன்னிடம் இருக்கும் 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பொது டிரைவரை வைத்துச் சமாளிக்கும். படம் தெரியும். ஆனால் கேம், வீடியோ எடிட்டிங் எல்லாம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

முதலில் என்ன கார்டு என்று பாருங்கள்

கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற இடத்தை விரியுங்கள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். லேப்டாப்பில் இரண்டு பெயர்கள்கூட இருக்கலாம்; அது தவறில்லை. 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால், டிரைவர் இல்லை என்று அர்த்தம்.

அப்படியென்றால் கார்டின் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதன்மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போங்கள். 'வென்' என்ற மூன்று எழுத்துகளுக்குப் பக்கத்தில் 10டிஇ என்று இருந்தால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல்.

இன்ஸ்டால் செய்யும் முறை

* டிரைவரை அந்தந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். லேப்டாப் என்றால், லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு முதலில் தேடுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்கிறோம்' என்று கூவும் இலவச மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். வேண்டாத சரக்கையும் சேர்த்து உள்ளே இறக்கிவிடக்கூடும்.

* தொடங்கும் முன் 'சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட்' ஒன்றை உருவாக்கி வையுங்கள். ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் கைகொடுக்கும்.

* யூபிஎஸ் இல்லாத வீடு என்றால், கரன்ட் நிற்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். லேப்டாப்பில் சார்ஜரைச் செருகிவிடுங்கள்.

* என்விடியா இன்ஸ்டாலரில் 'கஸ்டம்' பகுதிக்குள் 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' என்ற டிக் பெட்டி இருக்கும். ஏஎம்டியில் 'ஃபேக்டரி ரீசெட்' என்று இருக்கும். பழைய டிரைவரில் பிரச்னை என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

* நடுவில் திரை சில விநாடிகள் கறுத்து, மின்னி, மீண்டும் வரும். பயந்துபோய் ஸ்விட்சை அணைக்காதீர்கள். முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட். அவ்வளவுதான்.

என்விடியாவில் 'கேம் ரெடி', 'ஸ்டூடியோ' என்று இரண்டு வகை டிரைவர்கள் உண்டு. புது கேம் வந்ததும் விளையாடுகிறவர்களுக்கு முதல் வகை. போட்டோ, வீடியோ வேலையைப் பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது.

பிரச்னை வந்தால்..?

திரை திடீரென்று கறுத்துவிட்டது: விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். திறந்திருக்கும் வேலை பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

புது கார்டு போட்டும் படமே வரவில்லை: மானிட்டர் கேபிளைப் பாருங்கள். அதை மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டில் படம் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும்.

அப்டேட் செய்த பிறகுதான் தொல்லை: டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ் போய், 'டிரைவர்' பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தினால் முந்தைய டிரைவர் திரும்ப வரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், திரும்பப் போக பழைய பிரதி இல்லை என்று அர்த்தம். அப்போது பழைய வெர்ஷனை நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். பெரிய நிறுவனம் தருவது என்பதற்காக எல்லா அப்டேட்டும் சரியாக இருக்கும் என்றில்லை. 2010 மார்ச்சில், கார்டின் ஃபேன் வேகத்தில் கோளாறு வந்ததால் 196.75 என்ற டிரைவரை என்விடியாவே திரும்பப் பெற்றது.

'டிஸ்ப்ளே டிரைவர் நின்றுபோய் மீண்டுவிட்டது' என்ற செய்தி: விண்டோஸ் கொடுத்த வேலைக்குக் கார்டு 2 விநாடிகளுக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸ் டிரைவரை ரீசெட் செய்யும். எப்போதாவது ஒருமுறை வந்தால் விட்டுவிடலாம். அடிக்கடி வந்தால் டிரைவர், சூடு, பவர் சப்ளை மூன்றையும் சந்தேகப்படுங்கள். சூட்டை டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியிலேயே பார்க்கலாம்.

மஞ்சள் முக்கோணம், கோடு 43: கார்டு ஏதோ கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவைத்திருக்கிறது என்று பொருள். டிரைவராகவும் இருக்கலாம், கார்டாகவும் இருக்கலாம். முதலில் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

சுத்தமாக நீக்குவது எப்படி?

சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தால் பழைய மிச்சங்கள் உள்ளே தங்கிவிடலாம். அதற்கு 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது, சுருக்கமாக டிடியு. இதை 'சேஃப் மோட்' நிலையில் ஓட்டுவது நல்லது. ஷிப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை மெனு வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4 அழுத்துங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை! உங்கள் கம்ப்யூட்டரில் 'பிட்லாக்கர்' பூட்டு இருந்தால், சேஃப் மோட் போகும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்கலாம். அது இல்லாவிட்டால் உங்கள் ஃபைல்களை நீங்களே திறக்க முடியாது. எனவே அந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வையுங்கள். விண்டோஸ் அக்கவுன்ட் பாஸ்வேர்டும் நினைவில் இருக்கட்டும். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம். புது டிரைவரை முதலிலேயே டவுன்லோடு செய்துகொண்டு, இன்டர்நெட்டைத் துண்டித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் நீக்கி முடிப்பதற்குள், விண்டோஸ் தானாகவே ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

உண்மையிலேயே கார்டு போயிருந்தால்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. டிரைவர் வேலை செய்யத் தொடங்குவதே விண்டோஸ் ஏறும்போதுதான். அதற்கு முன்பு வரும் கம்பெனி லோகோ, பயோஸ் திரையிலேயே கோடுகள், கட்டங்கள், கலர் புள்ளிகள் தெரிந்தால் டிரைவரை மாற்றிப் பயனில்லை. கார்டு, கேபிள், மானிட்டர் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. வேறு கேபிள், வேறு மானிட்டர் மாற்றிப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் பவரை முழுதாகத் துண்டித்துவிட்டு, கார்டைக் கழற்றித் தூசி தட்டி மறுபடி இறுக்கமாகச் செருகுங்கள். கார்டுக்குத் தனி பவர் கேபிள் இருந்தால் அதுவும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் நண்பரின் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே கோடுகள் வந்தால், கடைக்காரர் சொன்னது சரிதான்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றி, புது மாடல் பெயர் காட்டும்படி செய்து விற்பவர்கள் உண்டு. 'ஜிபியு இசட்' என்ற இலவசக் கருவியில் இப்படிப்பட்ட கார்டுகள் பலவும் மாட்டிக்கொள்ளும். காசு கொடுக்கும் முன் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கார்டுக்கு வயதாகியிருந்தாலும் புது டிரைவர் ஏறாது. நம்மூரில் நிறைய பேர் வைத்திருக்கும் ஜிடி 710 போன்ற கார்டுகளுக்கு, 470 வரிசைதான் கடைசி. அதற்கு மேல் எண்ணுள்ள டிரைவரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று

எந்த டிரைவரில் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதோ, அதன் எண்ணை ஒரு தாளில் எழுதி, இன்ஸ்டாலரை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். டெலிவரி தேதி நெருங்கும் நேரத்தில் எந்த அப்டேட்டையும் தொடாதீர்கள். வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஆல்பம் தம்பி, சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னதாகவே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். அட்வான்ஸ் பணமும் மிச்சம். இப்போது அவர் மேஜைமேல் புதிதாக ஒன்று இருக்கிறது. கார்டு அல்ல, யூபிஎஸ்!