மென்பொருள் செய்யச் சொல்வதற்கு முன்: தேவைகளை எழுதுவது எப்படி?

2004 டிசெம்பர் 26 அன்று கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளைக் கடல் அடித்துச் சென்றபின், யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்த முகாமில் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருந்தது. விடைகள் கொப்பிகளிலும் துண்டுக் காகிதங்களிலும் சிதறிக் கிடந்தன. அப்போது இலங்கைத் தகவல் தொழில்நுட்பத் துறையின் தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற கட்டற்ற மென்பொருளை உருவாக்கினார்கள். சிங்களத்தில் அதன் பொருள் நிவாரணம். காணாமல் போனோர், முகாம்கள், உதவி அமைப்புகள், உதவிக் கோரிக்கைகள் எனத் தனித்தனிப் பகுதிகள் அதில் இருந்தன. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது.

சஹானாவின் ஒவ்வொரு பகுதியும் களத்தில் இருந்த ஒரு கேள்விக்கு விடையாக இருந்தது. எந்த மென்பொருளுக்கும் தொடக்கம் அந்தக் கேள்விதான். அதை எழுத்தில் வைப்பதே ‘தேவைகள் ஆவணம்’.

இன்று மாதர் சங்கங்களும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அமைப்புகளும் தங்கள் பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுபோக விரும்புகின்றன. புலம்பெயர்ந்த உறவுகளோ ஒரு நிறுவனமோ பணம் தரலாம். ஆனால் “எங்களுக்கு ஒரு டேட்டாபேஸ் வேணும்” என்று வாய்வழியாகச் சொல்லிவிட்டால், செய்பவர் தனக்குத் தெரிந்ததைச் செய்து தருவார். பணம் முடிந்தபின் அது உதவாது என்று தெரியவரும். அதைத் தடுக்க நான்கைந்து பக்கங்கள் போதும்.

யார், எதற்காக

முதற் பக்கத்தில் மென்பொருளைப் பயன்படுத்தப் போகிறவர்களை எழுதுங்கள்: பதிவு செய்பவர், தேடுபவர், அறிக்கை எடுப்பவர். ஒவ்வொருவரும் எந்த மொழியில், எந்தக் கருவியில் வேலை செய்வார் என்பதையும் எழுதுங்கள். திருகோணமலையில் ஒரே பிரதேச செயலகத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் தாள்கள் போகும். அறிக்கை எந்த மொழியில் வெளிவர வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஒரு வசனம், ஒரு தேவை

ஒவ்வொரு தேவைக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, ஒரு வசனத்தில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கட்டாயமானதற்கு ‘வேண்டும்’, இருந்தால் நல்லதற்கு ‘விரும்பத்தக்கது’ என்று பிரித்து எழுதுங்கள். பணம் குறையும்போது எதை விடலாம் என்பது அப்போது தெரியும். ஒரு தேவைக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும், அது நிறைவேறியதா என்று சோதிக்க முடிய வேண்டும் என்றே 2011இல் வந்த 29148 என்ற சர்வதேசத் தரமும் கேட்கிறது.

‘தேடல் வேகமாக இருக்க வேண்டும்’ என்பதைச் சோதிக்க முடியாது. ‘10,000 பதிவுகள் இருக்கும்போது, ஒரு பெயரைத் தேடினால் 5 செக்கன்களுக்குள் விடை வர வேண்டும்’ என்பதைச் சோதிக்கலாம்.

எங்கள் தரவு வேறு மாதிரி

வெளியூர் மாதிரிப் படிவம் எங்களுக்குப் பொருந்தாத இடங்கள் இவை:

பெயர்: எங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரே உண்டு. ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். ஆகவே தமிழ்ப் பெயரே முதற் பதிவாக இருக்க வேண்டும், ஆங்கில வடிவங்கள் பலவற்றைச் சேர்க்க இடம் வேண்டும். எல்லாம் யுனிகோட்டில் இருக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களை மாற்றாமல் சேர்த்தால் தேடலில் அகப்படாது.

அடையாள அட்டை: பழைய இலக்கம் 9 எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வந்தது 12 எண்கள். இரண்டையும் ஏற்க வேண்டும். இலக்கமே இல்லாதவரையும் பதிய முடிய வேண்டும்.

முகவரி: சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். காணிகள் 2015, 2016இல் கட்டம் கட்டமாக விடுவிக்கப்படும்வரை பலர் முகாம்களில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு முகவரிப் பெட்டி போதாது. சொந்த இடம், இருந்த இடங்கள், இப்போதைய இடம் ஆகிய மூன்றும் காலத்தோடு வேண்டும்.

திகதி: ஒரு தாய்க்கு மகனைக் கடைசியாகக் கண்ட மாதம் மட்டுமே நினைவிருக்கலாம். படிவம் நாளையும் கட்டாயமாகக் கேட்டால் ஏதோ ஒரு நாள் எழுதப்படும். பின்னர் அது பொலிஸ் முறைப்பாட்டோடு முரண்படும், அவர் சொன்னதே சந்தேகத்துக்கு உள்ளாகும். ‘ஏறத்தாழ’ என்று பதிய வழி வேண்டும்.

நிலை: ‘உயிருடன்’, ‘இறந்தவர்’ என்ற இரண்டு தெரிவுகள் மட்டும் இருக்கக் கூடாது. ஆள் காணக்கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கே 2016 முதல் சட்டத்தில் இடம் உண்டு. மென்பொருள் ஒரு தாயை அதற்கு அப்பால் தள்ளக் கூடாது.

யார் பார்க்கக் கூடாது

பட்டியலில் பெயர் இருப்பது என்ன செய்யும் என்பதை எங்கள் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ‘செய்யக் கூடாதவை’ என்று தனிப் பகுதி எழுதுங்கள். யார் எதைப் பார்க்கலாம், பார்த்தவர் விபரம் பதிவாகுமா, தரவு எந்த நாட்டுக் கணினியில் இருக்கும், குடும்பம் கேட்டால் பதிவை அழிக்க முடியுமா? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் செய்பவருக்கு நினைவூட்டுங்கள். தேவையில்லாத விபரத்தைக் கேட்காமல் விடுவதே சிறந்த பாதுகாப்பு.

கையொப்பத்துக்கு முன்

முழுத் தரவையும் சாதாரண விரிதாளாக எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிய வேண்டும் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் செய்தவர் போனால் பதிவுகளும் போய்விடும். பின்னர் ஆவணத்தைச் சங்கக் கூட்டத்தில் உரத்து வாசியுங்கள். படிவம் நிரப்பப் போகும் அம்மா ஒருவருக்கு ஒரு வரி விளங்கவில்லை என்றால் அந்த வரியைத் திருத்துங்கள். திகதியும் பதிப்பு இலக்கமும் இட்டு இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். அதன்பின் வரும் மாற்றம் எதுவானாலும் எழுத்திலேயே வரட்டும்.