கதிரவனை அளந்த மாதரசிகள்

ஐவேளைத் தொழுகையின் நேரங்கள் யாவும் கதிரவனின் போக்கைக் கொண்டே அமைந்தவை. உச்சி சாய்ந்தால் லுஹர். உச்சிநேர நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அதன் நீளத்தை எட்டிக் கடந்தால், நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். இன்று சுவரில் தொங்கும் நேர அட்டவணையைப் பார்த்து பாங்கு சொல்கிறோம். அந்த அட்டவணைக்குப் பின்னால் பல நூற்றாண்டுக் கணிதம் இருக்கிறது. அக்கணிதத்தில் தாய்க்குலத்துக்கும் பங்குண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

கதிரவனின் உயரத்தை அளந்து வேளையையும் திசையையும் அறிய முன்னோர் கையாண்ட கருவி ‘அஸ்துர்லாப்’. பக்தாதின் நூல் வணிகர் இப்னு நதீம், ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) தொகுத்த ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூலில் இக்கருவி செய்வோரைப் பட்டியலிடுகிறார். அதில் ஒரு பெண்மணியும் இடம்பெறுகிறார். இஜ்லீ என்பாரின் மகளான அவர், தம் தந்தையாரின் ஆசிரியரிடமே தாமும் பயின்று, ஹலப் நகரை ஆண்ட ஸைஃபுத் தவ்லாவின் ஆதரவில் இருந்தார் என்பதே அங்குள்ள செய்தி. ‘மர்யம்’ என்ற பெயரும், இன்று அவரைச் சூழ்ந்துள்ள வியப்புக் கதைகளும் அந்நூலில் இல்லை. அவற்றைச் சேர்க்க வேண்டிய தேவையும் நமக்கில்லை. கைவினைஞர் பட்டியலில் ஒரு பெண் தம் தொழில் திறத்தால் இடம்பெற்றார் என்ற ஒரு வரியே போதிய பெருமையாகும்.

அதே ஹிஜ்ரி 377இல் பக்தாதில் மறைந்தவர், காழி மஹாமிலீயின் மகளார் அமத்துல் வாஹித். ‘ஸுத்தைத்தா’ என்றும் அழைக்கப்பட்ட இம்மாதரசி, குர்ஆனை மனனம் செய்தவர். ஷாஃபிஈ ஃபிக்ஹிலும், பாகப்பிரிவினைக் கலையான ஃபராயிழிலும், கணிதத்திலும் தேர்ந்தவர். அறிஞர் இப்னு அபீ ஹுரைராவுடன் ஃபத்வா வழங்கியவர். சொத்தைப் பின்னங்களாகப் பிரித்து, உரியவர்க்கு உரியதைச் சேர்ப்பிக்கும் அக்கலை கணிதமின்றி நடவாது. மார்க்கக் கல்வியும் கணக்கும் ஒரே நங்கையின் நெஞ்சில் குடியிருந்தன.

அறிவைத் தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதாக அனஸ் (ரலி) அவர்கள் வழியாக இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் வருகிறது. அதில் ‘முஸ்லிமான பெண்’ என்ற தனிச்சொல் இல்லை என்று சிலர் வாதிப்பதுண்டு. சொல் இல்லை என்பது மெய்யே. ஆயினும் தொழுகையும் நோன்பும் ஆண்பாற் சொல்லால் ஏவப்படும்போது பெண்களையும் சேர்த்தே பொருள்கொள்கிறோம். அறிவு என்று வந்தால் மட்டும் இலக்கணத்தை மாற்றுவது என்ன நியாயம்?

நம் நாட்டுக்கு வருவோம். 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி அவர்கள், சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. வானிலைத் துறையில் சேர்ந்து, அளவைக் கருவிகளை இந்நாட்டிலேயே செய்வித்தார். கதிரவ வெப்பத்தை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். நாம் இன்று பேசும் சூரிய மின்சாரத்துக்கு அவர் திரட்டிய அளவைகள் அடித்தளமாயின.

அவ்வரிசையில் நம் சமுதாயத்தின் மகளும் ஒருவர். செங்கோட்டையில் வேளாண் குடும்பத்தில் பிறந்த நிகார் ஷாஜி அவர்கள், ஊர்ப் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் கற்று, 1987இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக அவர் பொறுப்பேற்று நடத்திய கலம், 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஏழு கருவிகளுடன் ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடத்தை 2024 ஜனவரி 6ஆம் நாள் அது அடைந்தது. கிரகண மறைப்பின்றிக் கதிரவனை இடையறாது நோக்கத்தக்க இடம் அது. ஹலபின் இஜ்லிய்யா கையில் ஏந்திய பித்தளை வட்டிலுக்கும் இக்கலத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள். நோக்கிய பொருளோ ஒன்றே.

பிரம்மதேசம் போன்ற ஊர்களில் இன்றும் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியலில் தேறிய பெண்பிள்ளையின் படிப்பு, “போதும்” என்ற ஒரு சொல்லில் நின்றுவிடுவதைக் காண்கிறோம். தொலைவு என்பார்கள், திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கலைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் உள்ளன. நம்மவர்க்கு எட்டாது என்பார்கள். நிலவில் கலம் இறக்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள் இதே விழுப்புரத்துப் பிள்ளை. மார்க்கம் தடுக்கும் என்பார்கள்; மார்க்கத்தின் மகளிர் செய்ததை மேலே கூறினோம்.

பெற்றோர்களே! அஸர் பாங்கு கேட்கும்போது, அந்நேரத்தைக் கணிக்கும் அறிவு உங்கள் மகளுக்கும் உரியது என்பதை எண்ணிப் பாருங்கள். அவள் படிப்பைத் தொடர வழிவிடுங்கள். கல்வியைப் பெருக்கித் தருமாறு இறைஞ்சக் கற்றுத்தந்த வல்ல நாயன், நம் பெண்மக்களுக்கும் அதைப் பெருக்கித் தருவானாக! ஆமீன்.