அறைக் கதவில் ஒரு பெயர்ப் பலகை



ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பிள்ளை விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்கிறான். நம்மைப் போன்றவர்களுக்கு அதெல்லாம் ஆகுமா?" என்று கேட்பதுண்டு. இவ்வினாவுக்கு அறிவுரையைக் காட்டிலும் வரலாறே நல்ல விடை தரும் எனக் கருதுகிறோம். எகிப்தின் சிற்றூர் ஒன்றில் வளர்ந்து, 1999-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்ற அஹ்மத் ஸுவைல் அவர்களின் இளமைக் காலமே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும்.

ஸுவைல் 1946-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் தமன்ஹூர் நகரில் பிறந்தார். நைல் நதிக்கரையிலுள்ள தஸூக் என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தையார் ஹஸன் அவர்கள் சைக்கிள்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பாகம் பாகமாகப் பூட்டித் தரும் தொழில் செய்து, பின்னர் அரசுப் பணியில் அமர்ந்தவர். மூன்று சகோதரிகளுடன் பிறந்த ஒரே ஆண்மகன் ஸுவைல். பெரும் செல்வமோ, பட்டம் பெற்ற முன்னோர் வரிசையோ அவ்வீட்டில் இருந்ததில்லை. ஆயினும் மகன் வெளிநாட்டில் உயர்பட்டம் பெற்றுத் திரும்பிப் பேராசிரியராக வேண்டும் என்ற கனவு குடும்பத்தார் அனைவருக்கும் இருந்தது. அவர் பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்திலேயே, அவர் படிக்கும் அறையின் கதவில் 'டாக்டர் அஹ்மத்' என்றெழுதிய பலகையொன்றை மாட்டி வைத்தார்கள்!

பலகை மாட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒருமுறை சிறுவர் ஸுவைல், தாயார் காப்பி காய்ச்சும் எண்ணெய் அடுப்பையும் சில கண்ணாடிக் குழாய்களையும் இணைத்து, மரத்துண்டு எவ்வாறு எரியும் வாயுவாகவும் திரவமாகவும் மாறுகிறது என்று சோதித்துப் பார்த்தார். வீடே தீப்பற்றியிருக்கக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்துள்ளார். மனனம் செய்யும் பாடங்களில் அவர் மனம் ஒட்டவில்லை; 'ஏன்? எப்படி?' என்ற கேள்விகளே அவரை இழுத்தன. பிள்ளையின் நாட்டத்தை அறிந்து அதற்கு இடங்கொடுத்த வீடு அது. நாட்டத்தை அறியாமல் பெற்றோர் தம் ஆசையை மட்டும் எழுதி மாட்டியிருந்தால், அப்பலகை அவருக்குச் சுமையாகவே முடிந்திருக்கும்.

அவ்வூரின் நடுநாயகமாக விளங்குவது, 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இறைநேசர் இப்ராஹீம் தஸூகி (ரஹ்) அவர்களின் பெயரால் அமைந்த பெரிய பள்ளிவாசல். ஸுவைலும் அவருடைய நண்பர்களும் தொழுகைக்கு மட்டுமன்றிப் பாடம் படிப்பதற்கும் அங்கே கூடினார்கள். கணிதமும் இயந்திரவியலும் பள்ளிவாசலின் தூண்களுக்கிடையே படிக்கப்பட்டன என்பதை எண்ணிப் பார்க்கையில் நம் உள்ளம் நெகிழ்கிறது.

வீடும் பள்ளிவாசலும் இருந்தும் பள்ளிக்கூடம் எட்டாத உயரத்தில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? இங்கு மற்றொருவரை நினைவுகூர்தல் நம் கடமை. சிறு வயதிலேயே பார்வையிழந்து, அல்அஸ்ஹரில் பயின்று, பேரறிஞராக உயர்ந்த தாஹா ஹுஸைன் 1950-ஆம் ஆண்டு எகிப்தின் கல்வி அமைச்சரானார். கல்வி தண்ணீரையும் காற்றையும் போல எல்லோருக்கும் உரியது என்பது அவருடைய கொள்கை. அவர் காலத்தில் உயர்நிலைக் கல்வி இலவசமாக்கப்பட்டது. அப்போது ஸுவைலுக்கு வயது நான்கு. 1962-ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கட்டணமும் நீக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டே ஸுவைல் அலெக்ஸாண்டிரியா பல்கலைக்கழக அறிவியல் துறையில் சேர்ந்தார். ஒருவர் திறந்து வைத்த கதவு வழியே, அவர் அறிந்திராத பிள்ளைகள் நுழைந்தார்கள் என்றால் மிகையாகாது.

வகுப்புகள் தொடங்குமுன் மாமா ஒருவர் அவரைப் பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்று காட்டினார். அவ்விடத்தின் மேன்மையைக் கண்டு அவ்விளைஞரின் கண்கள் கலங்கின. 1967-இல் முதல் வகுப்பில் பட்டம். பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1974-இல் முனைவர் பட்டம். 1976 முதல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியப் பணி. ஒரு விநாடியை ஆயிரம் இலட்சம் கோடிக் கூறுகளாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு கூறுக்கு 'ஃபெம்டோ விநாடி' என்று பெயர். அத்தகைய நுண்பொழுதில் அணுக்களின் பிணைப்பு முறிவதையும் உருவாவதையும் லேசர் ஒளியின் துணையால் கண்டறிந்தமைக்கே நோபல் பரிசு கிட்டியது. மகன் டாக்டரானதைத் தந்தை கண்ணாரக் கண்டார். ஆனால் நோபல் பரிசைக் காண அவர் இல்லை, 1992-இலேயே மறைந்துவிட்டார். அவருடைய பிரியத்திற்குரிய ரிஸ்க் மாமாவோ டாக்டர் பட்டத்தையும் காணாமலே மறைந்தார். நட்டவர் எல்லோரும் கனியை உண்பதில்லை. ஸுவைல் அவர்கள் 2016-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் காலமானார்.

இவ்வரலாற்றை எழுதும்போது நம்மைப் பற்றிய ஓர் உண்மையையும் மறைக்க இயலவில்லை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளிப் புத்தகங்களுடன் நம் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் வந்தமர்ந்த பிள்ளைகளை, "இங்கு இரைச்சல் கூடாது, வீட்டுக்குப் போங்கள்" என்று நாமே அனுப்பியிருக்கிறோம். ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சிச் சத்தத்தின் நடுவே அவர்கள் எங்கே படிப்பார்கள் என்று அன்று நாம் சிந்திக்கவில்லை. அது நம் தவறே.

எனவே ஜமாஅத்தாரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. அந்நேரத்தில் தாழ்வாரத்தின் விளக்கும் மின்விசிறியும் அப்பிள்ளைகளுக்காக எரியட்டும், சுழலட்டும். கணிதமும் அறிவியலும் கற்ற இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலையேனும் அவர்களோடு அமரட்டும். பெண் பிள்ளைகளுக்கு அத்தகைய இடத்தை மதரஸாவில் ஒதுக்குவோம். பெற்றோர்களே! பிள்ளையின் நாட்டம் எதுவென்று முதலில் கேளுங்கள். பிறகு பலகையை எழுதுங்கள். "நம்மைப் போன்றவர்களுக்கு ஆகுமா?" என்ற சொல் மட்டும் அவர்கள் காதில் விழ வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதற்குத் துணைநிற்கும் மனத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.