வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வும் வாழ்க்கை நிறைவும்: நீலகிரிச் சூழல்

மனச்சோர்வு அறிகுறிகள் என்பவை, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் துயரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், ஓயாத அசதி, தன்னைத் தானே பழித்துக்கொள்ளுதல், சாவைப் பற்றிய நினைவு முதலியவை; வாழ்க்கை நிறைவு என்பது, ஒருவர் தம் வாழ்க்கையை முழுமையாக எண்ணிப் பார்த்து, அது தமக்குத் திருப்தி தருகிறதா என்று தாமே செய்துகொள்ளும் மதிப்பீடு. 10 முதல் 19 வயது வரையுள்ள வளரிளம் பருவத்தினரிடம் ஒன்று கூடும்போது மற்றது குறைவதையே பல நாட்டு ஆய்வுகளும் காட்டுகின்றன. சோர்வு நட்பையும் படிப்பையும் குலைத்து நிறைவைக் குறைக்கிறது. நிறைவின்மை நீடித்தால் அதுவே சோர்வுக்கு வழிவிடுகிறது.

ஆயினும் இவ்விரண்டும் ஒன்றன் மறுபக்கம் மற்றொன்று என்று கொள்வது பிழை. நோய் அறிகுறியையும் வாழ்க்கை நிறைவையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்னும் இரு காரணிக் கொள்கையைக் கிரீன்ஸ்பூன், சாக்லோஃப்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள் 2001இல் முன்வைத்தனர். சுல்டோ, ஷாஃபர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நடுநிலைப் பள்ளி மாணவர் 349 பேரில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் அறிகுறி குறைவாக இருந்தும் நிறைவற்றவர்களாக இருந்தனர். அறிகுறிகளை மட்டும் கேட்கும் படிவத்தில் இத்தகைய பிள்ளைகள் நலமானவர்களாகவே பதிவாவர் என்பதால், இக்கண்டுபிடிப்பே இத்துறையில் மிகவும் பொருட்படுத்தத்தக்கது.

உளவியலாளர் ஹியூப்னர் 1994இல் வெளியிட்ட, 40 கூற்றுகள் கொண்ட அளவுகோல், மாணவரின் நிறைவைக் குடும்பம், நண்பர்கள், பள்ளி, வாழிடம், தான் என ஐந்தாகப் பிரித்துக் கேட்கிறது. நீலகிரி போன்ற மலை மாவட்டத்திற்கு இப்பகுப்பு மிகவும் பொருந்தும். தேயிலைத் தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு கட்டுண்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்த முறைப்படி நிர்வாகம் தரும் ‘லைன்’ வீட்டை, கொழுந்து பறிக்கும் தாய் ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டியிருப்பதால், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அடுத்து எங்கே குடியிருப்பது என்னும் கவலை வந்துவிடுகிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியோருக்கு வாழ்வளிக்க 1968இல் தொடங்கப்பட்டதே ‘டேன்டீ’ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டம். ஒருமுறை ஊர் பெயர்ந்த அக்குடும்பங்களில் வாழிடம் பற்றிய கேள்வி வெறும் படிவக் கேள்வி அன்று. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானை நடமாட்டம் மாலை விளையாட்டையும் தனி வகுப்பையும் சுருக்கிவிடுகிறது. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கிய பிறகு, எஸ்டேட்டுக்கு எஸ்டேட் பிரிந்து வாழும் நண்பர்கள் மறுநாள் காலைதான் ஒருவரையொருவர் பார்க்க முடியும். ஆகவே, இங்குள்ள மாணவரிடம் ‘நிறைவு குறைவு’ என்னும் ஒற்றை மதிப்பெண்ணைப் பெறுவதைவிட, அது எந்தப் பக்கத்தில் குறைகிறது என்று அறிவதே பயன்தரும்.

வளரிளம் பருவத்தினரிடம் சோர்வு துயரமாகவே வெளிப்படும் என்பதில்லை; தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுதல், காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுத்தல் ஆகிய வடிவங்களையும் அது எடுக்கும். வீட்டில் இது திமிர் என்றும் வகுப்பறையில் சோம்பல் என்றும் பெயர் பெற்று, கண்டிப்புக்கு உள்ளாவது பிள்ளைக்கு இழைக்கப்படும் அநீதியே.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. வளரிளம் பருவத்தினருக்கென 2014இல் தொடங்கப்பட்ட ‘ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்’ என்னும் தேசிய நலத்திட்டம் மனநலத்தையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ‘டெலி மானஸ்’ தொலைபேசி மனநலச் சேவையில், 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவமனைக்கு மலைப்பாதையில் நெடுந்தொலைவு இறங்க வேண்டியுள்ள குடும்பங்கள் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.