தன்சானியா–சாம்பியா புகையிரதப் பாதை: தொழில்நுட்ப உதவியும் சரக்கின் திசையும்

புகையிரதப் பாதைகளின் வரலாறு பெரும்பாலும் பொறியியலாளரின் வரலாறாகவோ கடன் வழங்கியோரின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. ஏற்றிச் செல்லப்பட்ட சரக்கு எது, அது எத்திசை நோக்கிச் சென்றது, அத்திசையை நிர்ணயித்தோர் யாவர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்திலே மார்க்ஸ் போக்குவரத்தை ஓர் உற்பத்தித் துறையாகவே கொண்டு, அது விற்பது இடமாற்றத்தையே என விளக்குவார். இடமாற்றமும் ஒரு பண்டமெனின், அதனை உற்பத்தி செய்யும் சாதனங்கள் எவ்வர்க்கத்தின் தேவைக்காக அமைந்தன என்பது வரலாற்று மாணவன் தவிர்க்கமுடியாத கேள்வியாகும். சர்வதேசத் தொழில்நுட்ப உதவி எனப் பொதுப்பட வழங்கப்படுவதை இந்நோக்கில் ஆராய்வதற்குத் தன்சானியா–சாம்பியா புகையிரதப் பாதை பெரிதும் பொருத்தமான எடுத்துக்காட்டு என்பது எமது கருத்து.

1964 ஒக்டோபர் 24இல் சுதந்திரம் பெற்ற சாம்பியா கடற்கரையற்ற நாடு. அதன் ஏற்றுமதி வருமானம் ஏறக்குறைய முற்றாகவே செம்பிலே தங்கியிருந்தது. அச்செம்பு கடலைச் சென்றடைவதற்கான வழியோ சிசில் ரோட்ஸின் காலத்துக் கனவின் எச்சம். 1905இல் விக்டோரியா நீர்வீழ்ச்சிப் பாலத்தைக் கடந்த தண்டவாளம் 1906இல் புரோக்கன் ஹில் சுரங்கத்தையும், 1909இல் கொங்கோ எல்லையையும் எட்டியது. இதனால் வடக்கின் செம்பு தெற்கு ரொடீசியாவூடாகவே வெளிச்செல்லவேண்டியதாயிற்று. சுரங்கங்களுக்கு வேண்டிய நிலக்கரி ரொடீசியாவின் வாங்கியிலிருந்து வந்தது. கரிபா அணையின் மின்நிலையமும் அன்று ஆற்றின் தென்கரையிலேயே இருந்தது. கொடியும் தேசிய கீதமும் மாறியபோதும் சரக்கின் திசை மாறவில்லை.

அத்திசையை மாற்ற முயன்ற சாம்பியாவும் தன்சானியாவும் முதலில் அணுகியது மேற்கு நாடுகளையே என்பது மனங்கொளத்தக்கது. 1964இல் உலக வங்கி, கிழக்குக் கரைக்கான புகையிரதப் பாதை பொருளாதார ரீதியில் நியாயப்படுத்தத்தக்கதன்று எனக் கூறிற்று. வீதி அபிவிருத்தியே போதுமென்பது அதன் நிலைப்பாடு. இக்கணிப்பின் தருக்கத்தை நுணுகி நோக்குதல் வேண்டும். தெற்குப் பாதையில் இடமிருக்கையில் இன்னொரு பாதை வீண்செலவு என்பதே அதன் சாரம். கணக்கிலே பிழையில்லை, கணக்கு தொடங்கிய இடத்திலேதான் பிழை இருந்தது. குடியேற்ற ஆட்சி உருவாக்கிய போக்குவரத்து இயற்கையின் நியதியாகக் கொள்ளப்பட்டு, அதனின்று விலகுதல் ‘இலாபமற்றது’ எனப் பெயர்பெற்றது. 1966இல் பிரித்தானிய–கனடிய உதவியுடன் தயாரிக்கப்பட்ட இன்னோர் அறிக்கை பாதை சாத்தியமானதே எனக் கண்டபோதும், பணந்தர மேற்கில் எவரும் முன்வரவில்லை.

இதற்கிடையில், 1965 நவம்பர் 11இல் இயன் சிமித்தின் வெள்ளையராட்சி ஒருதலைப்பட்சமாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதைத் தொடர்ந்த மாதங்களில் சாம்பியாவுக்கான எண்ணெய் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு விமானத்தில் கொண்டுவரப்பட்டது. புகையிரதம் சிக்கனமன்று எனத் தீர்ப்பளித்த உலகம், எண்ணெயை ஆகாயத்தில் சுமப்பதைச் சகித்துக்கொண்டது! தார் எஸ் சலாம் நோக்கிய புழுதிச் சாலையிலோ லொறிகள் கவிழ்ந்த வண்ணமிருந்தன. சாரதிகள் அதனை ‘நரக ஓட்டம்’ என்றே அழைத்தனர்.

சீனம் 1967 செப்டெம்பர் 5இல் பீக்கிங்கில் ஒப்பந்தம் செய்தது. 98 கோடி 80 இலட்சம் யுவான் வட்டியில்லாக் கடனாக வழங்கப்பட்டது. 1970 ஒக்டோபரில் தொடங்கிய வேலை 1975இல் முடிவுற, 1976 ஜூலை 14இல் 1,860 கிலோமீற்றர் நீளமான பாதை கையளிக்கப்பட்டது. பல பத்தாயிரம் சீனரும் அவரிலும் பெருந்தொகையான ஆபிரிக்கரும் உழைத்த இவ்வேலையில், முலிம்பாவுக்கும் மக்கம்பாக்கோவுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவே மிகக் கடினமானது. சீனர் மட்டும் 60இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

உள்ளூர்ச் செலவு ஈடுசெய்யப்பட்ட முறை தனிக்கவனத்துக்குரியது. சீனப் பண்டங்கள் கடனாகத் தருவிக்கப்பட்டு இருநாட்டுக் கடைகளிலும் விற்கப்பட, அப்பணத்திலிருந்து கூலி முதலியன கொடுக்கப்பட்டன. 1952ஆம் ஆண்டின் இறப்பர்–அரிசி உடன்படிக்கையை அறிந்த எமது வாசகர்க்கு, அந்நியச் செலாவணியைத் தவிர்க்கும் இத்தகைய ஏற்பாடு புதிதன்று. ஆயினும் கடன் பண்டமாக வருமிடத்து, அப்பண்டத்தை வாங்கவேண்டிய கட்டாயமும் உடன்வருகிறது என்பதை மறத்தலாகாது.

முற்போக்கு எழுத்துக்களில் இக்கதை பெரும்பாலும் 1976உடன் நிறைவெய்திவிடுகிறது. தண்டவாளம் பூட்டும் தொழிலாளியின் படத்தை வெளியிட்ட ஏடுகள், பின்னர் உதிரிப்பாகமின்றி நின்ற எஞ்சினைப் பற்றி எழுதவில்லை. ஆய்வு தொடங்கவேண்டியது அங்கேயே. ஆண்டுக்கு 20 இலட்சம் தொன் சரக்குக்கெனத் திட்டமிடப்பட்ட பாதை அவ்வளவை ஒருபோதும் எட்டவில்லை. சீன எஞ்சின்கள் மலையேற்றத்துக்குப் போதிய வலுவற்றவையாயின. 1980களில் மேற்கு ஜேர்மனியிலிருந்து வேறு எஞ்சின்கள் தருவிக்கப்பட்டன. தார் எஸ் சலாம் துறைமுக நெரிசலைத் தண்டவாளம் தீர்க்கவில்லை. 1978 ஒக்டோபரில், உரம் காலத்தில் வந்துசேராதென்ற நிலையில், 1973இல் மூடப்பட்ட தெற்குப் பாதையைக் கௌண்டா மீண்டும் திறந்தார். ஓராண்டின் பின் ரொடீசியப் படையினர் சம்பேசி ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தனர். பாதை பயனற்றது என்போர்க்கு, எதிரி அதனைத் தகர்க்க முயன்றமையே தக்க விடையாகும்.

இவற்றிலும் ஆழமான பிரச்சினை தண்டவாளத்தின் அகலத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. தன்சானியாவின் பழைய மத்திய பாதை ஒரு மீற்றர் அகலமுடையது. புதிய பாதையோ சாம்பியாவுடன் பொருந்தும்பொருட்டு 1,067 மில்லிமீற்றரில், அதாவது தென்னாபிரிக்கக் கேப் அகலத்தில், அமைக்கப்பட்டது. தெற்கிலிருந்து விடுதலை தேடிய பாதை தெற்கின் வலையமைப்புடன் பொருந்தி, தன்சானியாவின் சொந்தப் பாதையுடன் பொருந்தாது நின்றது. தொழில்நுட்ப ரீதியில் இம்முடிவு நியாயமானதே. ஏனெனில் சுமக்கவேண்டிய சரக்கு அதே செம்பு. வெளியே செம்பு, உள்ளே இறக்குமதிப் பண்டம் என்னும் பழைய பரிவர்த்தனைக்குப் புதிய வாசல் திறக்கப்பட்டதேயன்றி, பாதை நெடுகிலும் ஆலைகள் எழவில்லை. மபிக்காவில் பயிற்சிக்கூடமும் தொழிற்பட்டறையும் அமைத்த சீனர் எஞ்சினைத் திருத்தக் கற்பித்தனர். எஞ்சினைச் செய்யும் கைத்தொழிலை உருவாக்குதல் உதவியின் எல்லைக்குள் வரவில்லை. அதனை உருவாக்கியிருக்கவேண்டியோர் இருநாட்டு ஆளும் குழாத்தினரே. சகல பழியையும் பீக்கிங்கின்மீதோ வாஷிங்டனின்மீதோ சுமத்துவது அவர்களைத் தப்பவிடுவதாகும்.

1990களில் இனவொதுக்கல் வீழ்ந்து தென்னாபிரிக்க வழி திறந்தபோது, பாதையின் அரசியல் தேவை மங்கியது. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் சாம்பியச் சுரங்கங்கள் தனியார்மயமாகின. அரச சுரங்கத்தின் செம்பு அரச புகையிரதத்திற் செல்லவேண்டுமென்ற பிணைப்பு அறுந்தது. சரக்கு லொறிகளுக்கு மாறிற்று. 2014/15இல் பாதை சுமந்தது ஓர் இலட்சம் தொன்னிலும் குறைவு.

அண்மைக்காலத்தில் மின்கல உற்பத்திக்கான செம்பும் கோபால்ட்டும் இப்பிரதேசத்தை மீண்டும் முக்கியமாக்கியுள்ளன. ஐக்கிய அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2023 முதல் அங்கோலாவின் லொபிற்றோ துறைமுகம் நோக்கிய மேற்குப் பாதைக்கு ஆதரவளித்து வந்துள்ளன. சீன நிறுவனமொன்று 2025இல் தன்சானியா–சாம்பியா பாதையைச் சீரமைக்க ஒப்பந்தம் செய்தது. முதலீடு ஏறத்தாழ 140 கோடி டொலர். இம்முறை அது வட்டியில்லாக் கடனன்று. பாதையை நீண்டகாலம் தானே இயக்கிச் செலவையும் இலாபத்தையும் ஈட்டிக்கொள்ளும் உரிமை அந்நிறுவனத்துக்கு வழங்கப்பட்டுள்ளது.