மாதிரி ரயில் அமைப்பில் பல மின்வழங்கிகள்

மாதிரி ரயில் அமைப்புகளில் பெரும்பாலானவற்றில் இரு தண்டவாளங்களே மின்கம்பிகளாகவும் இருக்கின்றன. எஞ்சின் சக்கரங்கள் வழியே மின்சாரம் பெறுகிறது. இரண்டு பேர் இரண்டு வண்டிகளைத் தனித்தனியே ஓட்ட விரும்பினாலோ, ஒரு மின்வழங்கியின் ஆம்பியர் போதாமல் போனாலோ கூடுதல் மின்வழங்கி தேவைப்படும். அப்போது ஒவ்வொரு வழங்கியின் எல்லையும் எங்கே முடிகிறது, எந்தக் கம்பி பொதுவானது என்ற இரண்டையும் முதலிலேயே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் இங்கிருந்தே பிறக்கின்றன.

பழைய முறையில் தண்டவாளத்துக்கு 12 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம் தரப்படும். மின்னழுத்தம் கூடினால் வேகம் கூடும். துருவம் மாறினால் திசை மாறும். தடம் பல பிரிவுகளாக வெட்டப்பட்டு, பிளாஸ்டிக் இணைப்புகளால் பிரிக்கப்படும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு: ஒரு பக்கம் தள்ளினால் முதல் கட்டுப்பாட்டுக் கருவி, மறுபக்கம் தள்ளினால் இரண்டாவது, நடுவில் நிறுத்தினால் மின்சாரம் இல்லை. ஒரு தண்டவாளத்தை எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவாக விட்டு, மற்றதை மட்டும் வெட்டினால் கம்பியும் உழைப்பும் பாதியாகக் குறையும். ஆனால் அப்போது இரு கருவிகளும் ஒரே மின்மாற்றிச் சுருளிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது. ஒரு வண்டி முன்னும் மற்றது பின்னும் ஓடும்போது, பொதுத் தண்டவாளம் ஒரே வழங்கியின் இரு முனைகளையும் இணைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கும்.

ஆம்பியர் போதவில்லை என்று, மாறுமின்சாரம் தரும் இரண்டு மின்மாற்றிகளின் வெளியீடுகளை ஒன்றாக இணைப்பது உயிருக்கே ஆபத்து. ஒன்றின் பிளக்கைப் பிடுங்கினாலும், மற்றதிலிருந்து வரும் மின்சாரம் அதனுள் தலைகீழாகப் பாய்ந்து, கையிலிருக்கும் பிளக்கின் முனைகளில் வீட்டு மின்னழுத்தத்தையே எழுப்பிவிடும்.

ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய எண்ணியல் கட்டளை முறையை, 1935-இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் தரநிலையாக்கியது. இதில் தடம் முழுவதும் ஒரே கட்டளைச் சமிக்ஞை ஓடும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தனக்குரியதை மட்டும் ஏற்கும். இங்கே வண்டிகளைப் பிரித்து ஓட்டப் பல வழங்கிகள் வேண்டியதில்லை. ஆற்றலுக்காகவே பூஸ்டர்கள் எனப்படும் மின்பெருக்கிகள் சேர்க்கப்படுகின்றன. பூஸ்டர்களின் எல்லையில் இரு தண்டவாளங்களையும் வெட்டி, எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் இணைக்க வேண்டும். ஒன்றின் கம்பிகள் இடம் மாறியிருந்தால், வண்டி எல்லையைக் கடக்கும் கணத்தில் சக்கரங்களே குறுக்குச்சுற்றாகிவிடும். எண்ணியல் சமிக்ஞை ஓடும் தடத்தில் பழைய நேர்மின் கருவியின் கம்பி ஒன்று தவறிச் சேர்ந்தாலும் கருவிகள் எரியக்கூடும்.

பூஸ்டரிலிருந்து செல்லும் முதன்மைக் கம்பி தடிமனாக இருப்பது அவசியம். சுமார் 2 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில், 10 மீட்டர் தொலைவுக்கு 5 ஆம்பியர் சென்று திரும்பும்போது ஏறத்தாழ 0.8 வோல்ட் இழப்பாகும். நிக்கல் சில்வர் தண்டவாளத்தின் மின்தடை செம்பைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே குறுகிய இடைவெளிகளில் முதன்மைக் கம்பியிலிருந்து தண்டவாளத்துக்குக் கிளைக்கம்பிகளைப் பற்றவைப்பார்கள். விளக்குகளுக்கும் தடமாற்றிகளுக்கும் தனி மின்வழங்கி வைப்பது நல்லது.

வேலை முடிந்ததும் தடத்தின் தொலைமுனைகளில் ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். பூஸ்டர் உடனே துண்டிக்காவிட்டால், அந்த இடத்துக்குக் கிளைக்கம்பி போதவில்லை.